வல்லான் வகுத்ததே வாய்க்காலா?

சர்வதேச அரசியலில் தாராண்மைவாதத்தின் நெருக்கடி: மன்னார்க் கரையிலிருந்து ஒரு பாடம்



"வல்லான் வகுத்ததே வாய்க்கால்" என்பது பழமொழி. பலமுள்ளவன் எந்தப் பக்கம் வெட்டுகிறானோ அந்தப் பக்கமே தண்ணீர் ஓடும். மற்றவன் வயல் காய்ந்தாலும் கேட்பாரில்லை என்பது அதன் கருத்து. உலக நாடுகளின் உறவிலும் இதுவே நியதி என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. "அப்படியல்ல, சட்டத்தினாலும் ஒப்பந்தத்தினாலும் பலவீனரையும் காப்பாற்றலாம்" என்று எழுந்த கொள்கையே தாராண்மைவாதம். ஆங்கிலத்தில் லிபரலிசம் என்பார்கள்.

அந்தக் கொள்கை இன்று பெரும் நெருக்கடியில் சிக்கியிருக்கிறது என்று அறிஞர்கள் எழுதுகிறார்கள். பேசாலையில் வலை பொத்துகிறவருக்கும் முருங்கனில் வயல் செய்கிறவருக்கும் இதனால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கடந்த எழுபத்தைந்து ஆண்டுகளில் உலக ஒப்பந்தங்களின் பலனையும் பலவீனத்தையும் நமது மன்னார்த் தீவும் கரையும் அனுபவித்த அளவுக்கு அனுபவித்த இடங்கள் இலங்கையில் அதிகமில்லை. ஆகவே இந்தப் பாடத்தை நமது கரையில் நின்றே படிப்போம்.

1. தாராண்மைவாதம் என்ன சொல்கிறது?

நாட்டுக்குள் தாராண்மைவாதம் என்றால் தனிமனித உரிமை, சட்டத்தின் ஆட்சி, மக்களின் சம்மதத்தோடு நடக்கும் அரசாங்கம் என்பனவாகும். இவற்றை நாடுகளுக்கிடையிலான உறவுக்கும் விரித்தால் சர்வதேசத் தாராண்மைவாதம் கிடைக்கும். அது மூன்று தூண்களில் நிற்கிறது.

முதலாவது தூண், சட்டமும் நிறுவனங்களும். நாடுகள் தம் பிணக்குகளைப் போரினால் அன்றி, ஒப்பந்தங்களாலும் பொது மன்றங்களாலும் தீர்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது தூண், வணிகம். ஒருவரோடொருவர் கொடுக்கல் வாங்கல் செய்யும் நாடுகள் சண்டையிடத் தயங்கும். மூன்றாவது தூண், மனித உரிமை. எந்த அரசும் தன் குடிகளைத் தான் நினைத்தபடி நடத்த முடியாது; மனிதன் எங்கிருந்தாலும் மனிதனே.

ஜெர்மனிய மெய்யியலாளர் இம்மானுவல் கான்ட் 1795-ம் ஆண்டில் நிரந்தர சமாதானம் பற்றிய சிறு நூலொன்றில் இந்த எண்ணங்களை ஒழுங்குபடுத்தினார். அந்நிய மண்ணில் வந்திறங்கும் ஒருவனைப் பகைவனாக நடத்தலாகாது என்றும் அதில் எழுதினார். முதலாம் உலகப் போருக்குப் பின் 1920-ல் சர்வதேச சங்கம் பிறந்து, ஹிட்லரின் காலத்தில் செத்தது. 1945-ல் ஐக்கிய நாடுகள் சபை பிறந்தது. 1948 டிசம்பர் 10-ம் திகதி உலக மனித உரிமைப் பிரகடனம் நிறைவேறியது. பாப்பரசர் 23-ம் அருளப்பர் 1963-ல் உலக சமாதானம் பற்றி எழுதிய சுற்றுமடலில் அந்தப் பிரகடனத்தை வரவேற்று, உலகப் பொதுநலனைப் பேணுவதற்கு உலகளாவிய ஓர் அதிகாரம் தேவை என்றும் எடுத்துரைத்தார்.

இதற்கு எதிர்க்கட்சியும் உண்டு. அது யதார்த்தவாதம் எனப்படும். நாடுகளுக்கு மேலே நீதிபதியும் இல்லை, பொலிசும் இல்லை. ஆகையால் ஒவ்வொரு நாடும் தன் பலத்தையே நம்பும். ஒப்பந்தங்கள் வசதியாக உள்ளவரை மட்டுமே நிற்கும் என்பது அதன் வாதம். நமது பழமொழியின் பக்கம் நிற்பவர்கள் இவர்கள்.

எது உண்மை? மூன்று நிகழ்ச்சிகளை எடுத்துப் பார்ப்போம்.

2. முதற் சான்று: தலைமன்னார் இறங்குதுறை

1914-ம் ஆண்டில் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் சேவை ஆரம்பமானது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பின், கப்பல் இராமேஸ்வரத்துக்கு ஓடியது. 1984-ல் போர்ச் சூழலில் அது நின்றது. அதன் கடைசி இருபது ஆண்டுகளில் அந்தத் துறையில் அதிகமாகக் கேட்ட சத்தம் அழுகைச் சத்தம். மலையகத்திலிருந்து ரயிலில் வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள், பிறந்த மண்ணை விட்டு, பெரும்பாலோர் கண்டிராத நாட்டுக்குக் கப்பலேறிய இடம் அது.

அதன் வரலாறு இது. இலங்கை சுதந்திரம் பெற்ற அதே 1948-ம் ஆண்டில் நிறைவேறிய பிரஜாவுரிமைச் சட்டம், ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அச்சட்டம் நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அடுத்த மாதமே, ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டின் குடியுரிமை பெற உரிமையுண்டு என்று உலகப் பிரகடனத்தின் 15-ம் உறுப்புரை கூறியது. அது பிரகடனமாகவே நின்றது.

1964 ஒக்டோபர் 30-ம் திகதி பிரதமர்கள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கைச்சாத்திட்டனர். கணக்கில் வந்தவர்கள் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர். 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு. 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பின்னர் பேசலாம் என்று முடிவாயிற்று. 1974-ல் அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

இதைச் செய்தவர்கள் சர்வாதிகாரிகள் அல்லர். தேர்தலில் வென்ற இரண்டு ஜனநாயக அரசாங்கங்கள். துப்பாக்கி வெடிக்கவில்லை. பேச்சுவார்த்தை நடந்தது, ஒப்பந்தம் எழுதப்பட்டது. முதலாவது தூணின்படி எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. ஆனால் பிரிக்கப்பட்ட மக்களின் பிரதிநிதிகள் மேசையில் இல்லை. மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் கப்பலேறினார்கள். எஞ்சியோரின் நாடற்ற நிலை ஏறத்தாழ முழுமையாக நீங்கியது 2003-ம் ஆண்டின் சட்டத்தினால்தான். பிரகடனம் பிறந்து ஐம்பத்தைந்து வருடம் சென்ற பின், மலையக மக்கள் தமது வாக்குப் பலத்தினாலும் தொழிற்சங்கப் பலத்தினாலும் அதைப் பெற்றார்கள்.

முதற் பாடம்: இரண்டு அரசுகள் சமாதானமாக உடன்பட்டால் மட்டும் நீதி பிறந்துவிடாது.

3. இரண்டாவது சான்று: கோடு கீறிய கடல்

1974 ஜூன் மாதத்தில் பாக்கு நீரிணையில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் கடல் எல்லை வகுக்கப்பட்டது. கச்சதீவு இலங்கைப் பக்கம் வந்தது. இரு நாட்டுக் கலங்களும் பரம்பரையாக அனுபவித்து வந்த உரிமைகள் தொடரும் என்று அதில் ஒரு வாசகமும் இருந்தது. 1976 மார்ச் 23-ம் திகதி மன்னார் வளைகுடாவிலும் எல்லை கீறப்பட்டது. அத்துடன் பரிமாறிய கடிதங்களில், ஒரு நாட்டு மீனவர் மறு நாட்டுக் கடலில் மீன்பிடிக்கலாகாது என்று எழுதப்பட்டது.

பின்னர் 1982-ல் ஐக்கிய நாடுகளின் கடற் சட்ட உடன்படிக்கை உருவாயிற்று. அந்த மகாநாட்டுக்குப் பல வருடம் தலைமை வகித்து, முடிவைக் காணாமலே 1980-ல் காலமானவர் நம் நாட்டின் இராஜதந்திரி ஷேர்லி அமரசிங்க என்பது நாம் பெருமைப்படக்கூடிய விடயம். சிறிய நாடுகளுக்கு அது ஒரு வெற்றி. பெரிய நாடுகளின் ஆழ்கடற் கப்பல்கள் கரைக்கு அருகே வந்து அள்ளிச் செல்வதைத் தடுக்க 200 கடல்மைல் பொருளாதார வலயம் என்ற உரிமை அதனால் உறுதியாயிற்று. வல்லான் வெட்டாத ஒரு வாய்க்கால் இது.

ஆயினும் நமது கடலில் நடந்தது என்ன? இங்கே இரண்டாவது தூணாகிய வணிகத்தைக் கவனியுங்கள். 1950-களில் நோர்வே நாட்டின் உதவியோடு கேரளத்தில் ஒரு மீன்பிடித் திட்டம் ஆரம்பமாயிற்று. நோக்கம் நல்லது, ஏழை மீனவரை முன்னேற்றுவது. ஆனால் யப்பானிலும் அமெரிக்காவிலும் இறாலுக்கு நல்ல விலை கிடைத்தபோது, அரசாங்க மானியமும் வெளியார் முதலும் சேர்ந்து இழுவைப்படகுகளைப் பெருக்கின. தமிழ்நாட்டுக் கரையிலும் அவ்வாறே. அடியோடு வாரும் மடியினால் அவர்கள் பக்கத்துக் கடல் வறண்டது. படகுகள் எல்லை தாண்டின. போர்க்காலத்தில் நம்மவர் கடலுக்குப் போகத் தடை இருந்தது. 2009-க்குப் பின் அவர்கள் திரும்பக் கடலில் இறங்கியபோது, வாரத்தில் மூன்று நாட்கள் தமது கடலில் இழுவைப்படகுகளின் வெளிச்சத்தைக் கண்டார்கள். அந்த இரவுகளில் வலை போட்டால் வலை அறுந்து போகும். போடாவிட்டால் வீட்டில் உலை கொதிக்காது.

எல்லையை நிர்ணயித்த சட்டம் இருந்தது. 2017-ல் இழுவைமடித் தொழிலை இலங்கைப் பாராளுமன்றம் தடை செய்தது. அந்தத் தடை நம்மவருக்கும் உரியது. பேசாலையிலும் குருநகரிலும் இழுவைப்படகு வைத்திருந்தோரையும் அது கட்டுப்படுத்தியது. 2016 நவம்பரில் இரு அரசுகளும் கூட்டுச் செயற்குழு ஒன்றை அமைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடுவதாக அறிவித்தன. ஆனால் 2024 ஒக்டோபரில் நடந்தது அதன் ஆறாவது கூட்டமே. ஏறத்தாழ எட்டு வருடத்தில் ஆறு கூட்டம்! கூட்டங்களுக்கிடையே கடலில் கைதுகளும் படகுப் பறிமுதல்களும் உயிரிழப்புகளும் நடந்தன. இராமேஸ்வரத்துக் கூலி மீனவனும் துன்பப்பட்டான். படகின் சொந்தக்காரன் பெரும்பாலும் கரையில்தான் இருந்தான்.

இன்னொன்றையும் குறிக்க வேண்டும். 2010 ஆகஸ்டில் வடபகுதி மீனவர் பிரதிநிதிகள் தமிழ்நாடு சென்று அங்குள்ள மீனவரோடு நேருக்கு நேர் பேசினார்கள். ஒரு வருடத்துக்குள், குறிப்பிட்ட நாட்கள் மட்டும் தொழில் செய்து, பின் இழுவைமடியைக் கைவிடுவது என்று ஓர் இணக்கம் கண்டார்கள். இரு அரசாங்கங்களும் அதற்குச் சட்டவலு கொடுக்கவில்லை. ஒரே மொழி பேசுகிற, ஒரே கடலில் வாழ்கிற மக்கள் கண்ட தீர்வு காகிதத்தில் கிடந்தது.

இரண்டாவது பாடம்: வணிகம் தானாகவே சமாதானத்தைக் கொண்டுவராது. சட்டம் பின்னால் நின்று பிடிக்காவிட்டால், வணிகம் ஏழையின் பங்கை ஏழையைக் கொண்டே பறிக்கும்.

4. மூன்றாவது சான்று: மடுவும் பேசாலையும்

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது மன்னார்க் கரையிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வள்ளங்களில் தமிழகம் சென்றார்கள். இந்தியா 1951-ம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் சேராத நாடு. இருந்தும் கதவைத் திறந்தது. மண்டபத்தில் முகாம் கொடுத்தது. எழுதிய சட்டமின்றியும் இரக்கம் வேலை செய்யும் என்பதற்கு அது சான்று. எழுதிய சட்டமில்லாததால், முப்பது வருடத்துக்குப் பின்னும் முகாம்களில் வாழும் நம்மவர் குடியுரிமையை உரிமையாகக் கேட்க முடியாதிருப்பதும் அதன் மறுபக்கம்.

அதே 1990-ல் ஐக்கிய நாடுகளின் அகதிகள் உயர்ஸ்தானிகர் அலுவலகம் மடுவிலும் பேசாலையிலும் திறந்த நிவாரண நிலையங்களை ஏற்படுத்தியது. நாட்டைவிட்டு ஓடத் தேவையின்றி, நாட்டுக்குள்ளேயே மக்கள் தஞ்சம் அடைவதற்கான ஏற்பாடு அது. போரிட்ட இரு தரப்பும் அந்த இடங்களை மதிக்க இசைந்தன. பல்லாயிரம் பேர் மடு மாதாவின் ஆலய வளாகத்தில் வருடக்கணக்காக உயிர் தப்பினார்கள். சர்வதேசம் நமக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று கூறுவோர் இதை மறக்கலாகாது.

அதே ஆண்டு ஒக்டோபரில், மன்னார்த் தீவின் முஸ்லிம் மக்கள் உட்பட, வடக்கின் முஸ்லிம்கள் அனைவரையும் தமிழீழ விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். எருக்கலம்பிட்டி மக்கள் வள்ளங்களில் கற்பிட்டிப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் வருடங்களாகப் புத்தளத்து முகாம்களில் வாழ்ந்தார்கள். இதையும் நாம் மறக்கலாகாது. உரிமை எல்லோருக்கும் என்று பேசுகிற வாய், அயலவனின் உரிமை பறிக்கப்படும்போது மௌனம் சாதித்தால், அந்தப் பேச்சின் பெறுமதி என்ன?

1999 நவம்பர் 20-ம் திகதி மடு ஆலய வளாகத்தில் எறிகணைகள் விழுந்து ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டனர். தஞ்சம் என்று உலகம் குறித்த இடமும் தஞ்சமாக இருக்கவில்லை.

பின்னர் 2002 பெப்ரவரியில் நோர்வேயின் அனுசரணையோடு போர்நிறுத்த உடன்படிக்கை வந்தது. தாராண்மைவாதத்தின் மூன்று தூண்களும் ஒன்றாக நமது மண்ணில் நாட்டப்பட்ட காலம் அது: ஒப்பந்தம் இருந்தது, கண்காணிப்பாளர் இருந்தனர், 2003 ஜூனில் டோக்கியோவில் உதவி நாடுகள் 450 கோடி டொலர் தருவதாகவும் கூறின. பணமும் அபிவிருத்தியும் வந்தால் போர் மறையும் என்று எண்ணினார்கள். ஆனால் அதிகாரத்தை எப்படிப் பகிர்வது, காணாமற்போனோருக்கு யார் பதில் சொல்வது, வெளியேற்றப்பட்டோர் எப்படித் திரும்புவது என்னும் கேள்விகள் பின்தள்ளப்பட்டன. 2008 ஜனவரியில் அரசாங்கம் உடன்படிக்கையை முறித்தது. அதற்கு முன்பே இரு தரப்பும் அதைப் பலமுறை மீறிவிட்டன. அவ்வருடம் ஏப்ரலில் மடு மாதாவின் திருச்சொரூபமே தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்தது.

2008 செப்டெம்பரில் ஐக்கிய நாடுகளின் ஊழியர் வன்னியை விட்டு வெளியேறினர். 2009 மே மாதத்தில் போர் முடிந்தது. பாதுகாப்புச் சபையின் நிகழ்ச்சி நிரலில் இலங்கை முறையாக இடம்பெறவே இல்லை. மே 27-ம் திகதி ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவை, அரசாங்கத்தைப் பாராட்டும் தீர்மானத்தை 29-க்கு 12 என்ற வாக்குகளால் நிறைவேற்றியது. நாற்பதாயிரம் வரையிலான பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்று செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு கூறியது 2011-ல். தனது அமைப்பே தோல்வியுற்றது என்று ஐக்கிய நாடுகளின் உள்ளக ஆய்வு ஒப்புக்கொண்டது 2012-ல்.

மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழு முன் ஒரு கணக்கை வைத்தார். 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்தோர் 4,29,059. பின்னர் அரசாங்கக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் 2,82,380. மீதி 1,46,679 பேருக்கு என்ன நடந்தது? முதலாவது கச்சேரியிலிருந்து பெற்ற எண், இரண்டாவது ஐக்கிய நாடுகளின் அறிக்கையிலிருந்து பெற்ற எண். அவர் யாரையும் ஏசவில்லை. கழித்தல் கணக்குச் செய்து விடை கேட்டார். 2021-ல் அவர் இறைவனடி சேர்ந்தபோதும் விடை வந்திருக்கவில்லை.

மூன்றாவது பாடம்: உலக நிறுவனங்கள் பலமுள்ள அரசுகளின் சம்மதம் உள்ளவரை உயிர்களைக் காக்கும்; சம்மதம் நீங்கினால், பின்னர் அறிக்கை எழுதும்.

5. இன்றைய நெருக்கடி

1989-ல் பனிப்போர் தணிந்தபோது, தாராண்மைவாதமே இனி உலகின் இறுதிக் கொள்கை என்று அமெரிக்க அறிஞர் பிரான்சிஸ் புக்குயாமா எழுதினார். அந்த நம்பிக்கை நெடுநாள் நிற்கவில்லை. 2003-ல் பாதுகாப்புச் சபையின் அங்கீகாரமின்றி அமெரிக்கா ஈராக்கில் இறங்கியது. 2022-ல் ரஷ்யா உக்ரேனில் பெரும்படையோடு புகுந்து, தன்னைக் கண்டித்த தீர்மானத்தைத் தன் வீட்டோவினாலேயே தடுத்தது. காஸாவில் போர்நிறுத்தம் கோரிய தீர்மானங்களை 2023-க்குப் பின் அமெரிக்கா பலமுறை வீட்டோவினால் வீழ்த்தியது. ஒருவருக்கு ஒரு நியாயம், மற்றவருக்கு இன்னொரு நியாயம்.

வணிகத் தூணும் ஆடுகிறது. உலக வர்த்தக நிறுவனத்தின் மேன்முறையீட்டு மன்றம் 2019 டிசம்பரிலிருந்து நீதிபதிகளின்றி முடங்கியது. 2025 ஏப்ரலில் அமெரிக்கா இலங்கைப் பொருட்களுக்கு 44 வீத வரி அறிவித்து, பேச்சுக்குப் பின் ஆகஸ்டில் 20 வீதமாக்கியது. விதியின்படி வழக்காட இடமில்லை. வாசலில் நின்று கேட்க வேண்டியதாயிற்று.

உரிமைத் தூணும் அப்படியே. ஜெனீவாவில் இலங்கை பற்றிய தீர்மானங்களுக்கு முன்னின்ற அமெரிக்கா, 2018-ல் அந்தப் பேரவையை விட்டு விலகி, மீண்டும் சேர்ந்து, 2025-ல் மறுபடியும் விலகியது. 2015-ல் தானே இணை அனுசரணை வழங்கிய தீர்மானத்திலிருந்து இலங்கை 2020-ல் விலகியது.

6. நோயின் வேர்

வேரை இரண்டாகக் காணலாம். ஒன்று, விதியை எழுதிய வல்லரசுகளே விதிக்கு விலக்குக் கேட்கின்றன. இதை எல்லோரும் சொல்கிறார்கள். மற்றது, நமது கரையில் நின்றால்தான் தெளிவாகத் தெரிகிறது: தாராண்மைவாதம் நாட்டுக்குள் மக்களின் சம்மதத்தை அடித்தளமாகக் கொண்டது, நாடுகளுக்கிடையிலோ அரசின் கையெழுத்தையே மக்களின் சம்மதமாக எடுத்துக்கொள்கிறது. 1964-ல் தோட்டத் தொழிலாளியையும், 1974-லும் 1976-லும் மீனவனையும், 2002-ல் அகதியையும் யாரும் மேசைக்கு அழைக்கவில்லை.

இந்தப் பழக்கம் போரோடு முடியவில்லை. பூமி வெப்பமடைவதைத் தடுப்பது உலகின் கடமை. காற்றிலிருந்து மின்சாரம் எடுப்பது நல்லதே. மன்னார்த் தீவின் தென்கரையில் 2020-ல் முப்பது காற்றாலைகள் எழுந்தன. மேலும் காற்றாலைகளும் கனிய மணல் அகழ்வும் வருகின்றன என்றபோது, வெள்ளம் வடிவது எப்படி, மீன் கரைக்கு வருமா, வலசைப் பறவைகள் என்னாகும் என்று மக்கள் கேட்டார்கள். 2025-ல் வீதியில் இறங்கியும் கேட்டார்கள். அவர்கள் காற்றுக்கு விரோதிகளல்லர். முடிவெடுத்த பின் அறிவிக்காமல், முடிவெடுக்குமுன் கேளுங்கள் என்றார்கள்.

7. அப்படியானால் சட்டத்தைக் கைவிடலாமா?

"எல்லாம் ஏமாற்று, பலம் ஒன்றே மெய்" என்று சொல்லத் தோன்றும். இளைஞர் பலர் சொல்கிறார்கள். அவர்களின் கோபத்தில் நியாயமுண்டு. ஆனால் அந்த முடிவைக் கொஞ்சம் தொடர்ந்து பாருங்கள். பலமே நியதியானால் யாருக்கு நட்டம்? அமெரிக்காவுக்கா, சீனாவுக்கா, இந்தியாவுக்கா? அவர்களுக்குப் பலம் இருக்கிறது. இலங்கை போன்ற சிறு நாட்டுக்கும், அந்தச் சிறு நாட்டுக்குள் சிறுபான்மையாக வாழ்வோருக்கும், அந்தச் சிறுபான்மைக்குள்ளும் நலிந்த அயலவருக்குமே நட்டம். பலத்தை நம்பிய பாதையில் நாமும் நடந்து பார்த்தோம். அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை இந்த மாவட்டத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

விதி மீறப்படுவதால் விதி பொய்யாகிவிடாது. 200 மைல் உரிமை சட்டத்தினால் வந்தது. மடுவில் தப்பிய உயிர்கள் உடன்பாட்டினால் தப்பின. ஜெனீவாவின் 2021-ம் ஆண்டுத் தீர்மானத்தினால் சாட்சியங்கள் சேகரித்துப் பேணப்படத் தொடங்கின. நீதி தாமதித்தாலும் சாட்சி அழியாது. நாடற்றிருந்த மலையக மக்கள் குடிகளானார்கள். இவை எவையும் வல்லான் மனமிரங்கித் தந்தவை அல்ல. பலவீனர் ஒன்றுசேர்ந்து, விடாது கேட்டு, எழுத்தில் வாங்கியவை.

ஆகவே நாம் செய்யக்கூடியவை மூன்று. சர்வதேசத்தை இரட்சகராகவும் பார்க்காமல், சதிகாரராகவும் பார்க்காமல், பயன்படுத்தத் தெரிந்துகொள்வது ஒன்று. எந்த ஒப்பந்தத்திலும் பாதிக்கப்படும் மக்களுக்கு இடம் கேட்பது இரண்டு; மீனவரோடு மீனவர் பேசிய 2010-ம் ஆண்டு முயற்சி அதற்கு வழிகாட்டி. நாம் பிறரிடம் கேட்கும் நியதியை நமக்குள்ளும் கைக்கொள்வது மூன்று: நமது கரையில் தடைசெய்த வலையை நாமே விடுவது, திரும்பி வரும் முஸ்லிம் அயலவருக்குக் காணியும் இடமும் கிடைக்க உதவுவது. உரிமையைத் தனக்கு மட்டும் கேட்பவன் சலுகை கேட்கிறான். எல்லோருக்கும் கேட்பவனே உரிமை கேட்கிறான்.

வாய்க்காலை வல்லான் வெட்டுவது உலக வழக்கமாக இருக்கலாம். ஆனால் வாய்க்கால் வெட்டும் இடத்துக்கு ஊர் முழுவதும் வந்து நின்றால், அவன் மண்வெட்டி எங்கே விழுகிறது என்பதை அவனும் கவனிக்க வேண்டிவரும்.

கலந்துரையாடுவதற்குச் சில கேள்விகள்

1. தாராண்மைவாதத்தின் மூன்று தூண்கள் எவை? உங்கள் ஊரின் அனுபவத்தில் ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரணம் கூறுக.

2. 1974, 1976-ம் ஆண்டுக் கடல் ஒப்பந்தங்கள் எழுதப்பட்டபோது இருகரை மீனவரையும் கேட்டிருந்தால், என்னென்ன வாசகங்களைச் சேர்க்கச் சொல்லியிருப்பார்கள்?

3. எழுதிய சட்டமின்றிக் காட்டப்படும் இரக்கம், இரக்கமின்றிக் கடைப்பிடிக்கப்படும் சட்டம்: அகதிக்கு எது உதவும்? இரண்டும் சேர என்ன செய்யலாம்?

4. நமது கிராமத்தில் யாருடைய சம்மதத்தைக் கேளாமல் நாம் முடிவெடுக்கிறோம்?